மழையில் வசனம் சொன்னவள்

12-5-1957, ஞாயிறு

நாங்கள் கட்டுகிற சினிமாக் கொட்டகைக்குத் தகரம் வந்து இறங்கிவிட்டது. வத்தலக்குண்டிலிருந்து விடியற்காலையில் புறப்பட்ட லாரி, வளைவுக்கு வளைவு திணறி, பெருமாள்மலையைத் தாண்டி இங்கே வர மத்தியானம் ஆயிற்று. இறக்கும்போது ஒரு தகடு நழுவிக் கூலிக்கு வந்த ஒருவரின் முன்கையை நீளமாகக் கிழித்துவிட்டது. உள்ளே எலும்பு தெரிந்தது. நான் பழைய சேலையைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன், என் வீட்டுக்காரர் பின்னால் நின்று, "ரத்தம் தகரத்துல படாமப் பாரு, துரு ஏறிரும்" என்கிறார். திரும்பி ஒரு முறை முறைத்தேன். சிரித்தார்.

கீற்றே போடலாம் என்று நான் சொன்னதுதான். பழனியில் இவருடைய சித்தப்பா நடத்தியது கீற்றுக் கொட்டகைதானே. "ஒங்க மலை மழைக்குக் கீத்து ஒரு வருஷம் தாங்குமா?" என்று கேட்டார். வடகவுஞ்சியில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கே மழையைப் பற்றிப் பாடம்! ஆனால் சொன்னது சரிதான்.

தம்பி பழனிமுத்து திண்டுக்கல்லில் ஆப்பரேட்டர் வேலை பழகி லைசென்ஸோடு வந்துவிட்டான். மெஷின் அவன் பொறுப்பு, பெண்கள் பக்கத்து டிக்கெட் என் பொறுப்பு. அக்காளும் தம்பியும் ஒரே கூரைக்கு அடியில். அம்மா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

2-6-1957

முதல் ஆட்டம். வாசலில் 'மலைக்கொழுந்து டாக்கீஸ்' என்று பெரிய போர்டு. ஜனங்கள் அதற்குள் 'தகரக் கொட்டகை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்துத் தடுப்புக்கு மேலே தலையை நீட்டிய ஒரு தடியனை டார்ச் லைட்டால் மண்டையிலேயே போட்டேன். டார்ச்சின் கண்ணாடி போயிற்று. மண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

9-8-1957, வெள்ளி

அடப் பாவி மழையே!

இடைவேளை முடிந்ததும் பிடித்தது. தகரத்தின் மேல் கூடை கூடையாகக் கல்லைக் கொட்டுகிற சத்தம். திரையில் வாய் அசைகிறது, ஒரு எழுத்துக் காதில் விழவில்லை. முதலில் விசில். அப்புறம் "காசைத் திருப்பிக் குடுறா" என்று கத்தல். அப்புறம் பெஞ்சுக் கால் ஒடிகிற சத்தம், அது மட்டும் அந்த மழையிலும் கேட்டது. வீட்டுக்காரர் இடுப்புப் பெல்ட்டை உருவிக்கொண்டு உள்ளே போனார். பக்கிள் இருக்கிற முனையால் அடிக்கிறார். ஒருவனுக்குக் காது கிழிந்தது.

பெண்கள் பக்கத்தில் கருப்பம்மாள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பூண்டிக்காரி, இங்கே பூண்டு மண்டியில் பூண்டு நறுக்குகிறவள், என்ன படம் போட்டாலும் முதல் வரிசை. "ஏத்தா, அவன் என்னத்தச் சொல்றான்? நீதான் நேத்தே பாத்துட்டியே, சொல்லேன்" என்றாள். நான் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள், இன்னும் சத்தமாகச் சொன்னேன். எனக்குத் தொண்டை பெரிசு, சின்ன வயதில் எங்கள் உருளைக்கிழங்குக் காட்டிலிருந்து எதிர்ச் சரிவில் இருக்கிற அப்பாவைக் கஞ்சிக்குக் கூப்பிட்ட தொண்டை. கொஞ்ச நேரத்தில் ஆண்கள் பக்கத்து அடிதடி நின்று, அவர்களும் காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பழனிமுத்து புத்திசாலி. வெளியே பாட்டுப் போடுகிற குழாயை அவிழ்த்து உள்ளே நடுக்கம்பத்தில் கட்டி, மைக்கை என் கையில் கொடுத்துவிட்டான். "அண்ணன் சொல்றான்... தங்கச்சி சொல்றா... வில்லன் சொல்றான்..." என்று யார் யார் பேசுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள். வீட்டுக்காரர் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "பொழச்சோம்டி" என்றார்.

தொண்டை ரணமாக இருக்கிறது. தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

18-10-1957

ராஜா காலத்துப் படம். இதில் எனக்கு ஒரு தலைவலி. படைக்குத் தலைவனாக ஒருவன் வருகிறான். அவனை எல்லாரும் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, அதுதான் என் வீட்டுக்காரர் பெயர். நான் எப்படி வாயால் சொல்வது? இங்கே எழுதக்கூடக் கை வரவில்லை. அதனால் "தளபதி சொல்றான்" என்றே சொல்லி ஓட்டினேன். ராஜா வாயசைப்பது நாலு எழுத்துக்கு மேல் என்று ஊருக்கே தெரிகிறது. "அக்கா, முழுசாச் சொல்லு! பேரை முழுங்காத!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே கூத்து. முகம் சூடாகிவிட்டது, சிரிப்பும் வந்தது.

கருப்பம்மாள் மட்டும் என் கட்சி. அவள் பாடு என்னுடையதைவிட மோசம். புருஷன் பெயர் தண்டாயுதபாணி. பழனிக்குப் போய்ச் சாமி முன்னால் நின்றால்கூட "மலை மேல நிக்கிறவரே, எங்க வீட்டு ஆளு பேருக்காரரே" என்றுதான் கும்பிடுகிறாளாம்.

3-1-1958

பூண்டு லாரிக்காரர்களுக்கும் மன்னவனூர் ஆட்களுக்கும் பெஞ்சில் இடம் பிடிப்பதில் சண்டை. ஒருவன் சூரிக்கத்தியை எடுத்துவிட்டான். வீட்டுக்காரர் அந்தக் கையை முறுக்கிக் கம்பத்தில் வைத்து ஒரே தள்ளு. கை மூட்டு கழன்ற சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொருவனுக்கு முன்பல் இரண்டும் போயின. பெருக்கும்போது மண்ணில் கிடைத்தன.

பொய் எழுதுவானேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் ஆள் ஒருத்தன் நிற்கிறான், இத்தனை பேர் ஓடுகிறார்கள்.

14-9-1959

அந்தப் பெல்ட் இன்றைக்கு வீட்டுக்குள் வந்தது.

15-9-1959

ஏன் என்று எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நானே மறந்து சமாதானமாகிவிடுவேன். நேற்று மழை ஆட்டம். முடிந்து வெளியே போகிற ஒருவர், "படத்துக்கா வர்றோம்? அக்கா கொரலுக்குல்ல வர்றோம்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டுவிட்டு, "எவனுக்குடி அக்கா நீ?" என்று ஆரம்பித்தார். முதுகில் பக்கிள் அச்சு வரிசையாக இருக்கிறது. இன்று சாயங்காலம் மேகம் கறுத்ததும் அவரே மைக்கைத் துடைத்துக் கொண்டுவந்து வைக்கிறார். குரலும் வேண்டும், குரலை அடிக்கவும் வேண்டும். என்ன ஜென்மமோ!

22-6-1960

வாயில் அடித்தார். உதடு வீங்கி 'ப', 'ம' சரியாக வரவில்லை. அதோடு ஒரு ஆட்டம் முழுக்கச் சொன்னேன். "அக்காவுக்குச் சளி" என்று சிரித்தார்கள்.

பழனிமுத்துவிடம் மறைக்க முடியவில்லை. ஆப்பரேட்டர் அறையிலிருந்து இறங்கி வந்து என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு, "போயிருவோம்க்கா. அப்பாட்ட போயி மண்ணக் கிண்டிப் பொழைப்போம். எனக்கு இந்த மெஷினும் வேணாம், ஒரு மயிரும் வேணாம்" என்றான். மழைக்காலம் முடியட்டும் என்றேன்.

8-11-1960

தம்பி போயிட்டான்.

11-11-1960

எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் என் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை, ஐந்தாம் தேதி. சாயங்காலம் பழனிமுத்து வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்லிவிட்டான். "மாமா, ஆட்டம் முடிஞ்சதும் நானும் அக்காவும் ஊருக்குக் கெளம்புறோம். வேற ஆப்பரேட்டரப் பாத்துக்கங்க." அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

பாதிப் படத்தில் மழை. நான் முன்னால் என் ஸ்டூலில் மைக்கோடு. திரையில் சண்டை, வில்லன் ஒரு கிழவனைப் போட்டு அடிக்கிறான். திடீரென்று படம் ஆடியது, முழுத் திரையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பி வந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால், மேலே, ஆப்பரேட்டர் அறை ஜன்னலில் விளக்கு வெளிச்சம். அதில் ஒரு கை உயருகிறது. கையில் ரீல் சுற்றுகிற இரும்புக் கைப்பிடி. இறங்குகிறது. மறுபடி உயருகிறது. அந்தக் கை எனக்குத் தெரியாதா? அந்த மோதிரம் தெரியாதா?

"அய்யோ கொல்றானே! விடுடா! கொல்றானே, யாராச்சும் ஓடியாங்களேன்!" என்று கத்தினேன். மைக்கில்தான் கத்தினேன். குழாய் அத்தனையையும் கொட்டகை முழுக்கக் கொண்டுபோனது.

கை தட்டினாங்க. பாவிங்க, கை தட்டினாங்க! விசிலடிச்சாங்க! "அக்கா, பலே!" ன்னு எவனோ கத்துறான். படத்துலயும் அடிதானே. நான் இத்தனை வருஷமா மழைல என்ன சொன்னாலும் அது கதைதானே. கருப்பம்மா என்னப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு அழுகுறா, கெழவனுக்காக அழுகுறா.

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். கூட்டத்தைப் பிளந்து போவதற்குள் ரீல் முடிந்து திரை வெள்ளையாகிவிட்டது. "ஏலே ஆப்பரேட்டரு, தூங்கிட்டியா?" என்று கத்துகிறார்கள். ஏணியடியில் தம்பி கிடந்தான். தலையைத் தொட்டேன், பின்பக்கம் பொதக்கென்று உள்ளே போயிற்று. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "ஏணியில இருந்து விழுந்துட்டாம்ப்பா, ஆளத் தூக்குங்க, வெரசா" என்கிறார். குரலில் ஒரு பிசிறு இல்லை. லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் மூச்சு மட்டும் இருந்தது.

12-11-1960

போலீஸ் ஸ்டேஷன். சண்முகசுந்தரி என்று என் பெயரை எழுதிக்கொண்டார்கள். நான் கண்டதைச் சொன்னேன். எழுதுகிறவர், "அடிச்சது யாரு, பேரைச் சொல்லும்மா" என்றார். "எங்க வீட்டுக்காரர்" என்றேன். "பேரு?" வாயைத் திறந்தேன். வரவில்லை. தம்பியைக் கொன்றவன் பெயர், அப்போதும் என் நாக்கில் வரவில்லை! பக்கத்தில் நின்ற அப்பா நல்லுசாமிதான் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய்த் துப்பினார்.

19-7-1961

கீழே கோர்ட்டில் எங்கள் பக்கத்துச் சாட்சிகள். அப்பா பஸ் பிடித்துக் கூட்டிப்போன ஜனங்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "சத்தம் கேட்டுச்சுங்க. படத்துல வர்றதுன்னு நெனச்சோம்." கருப்பம்மாளும் அதையே சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல் அழுதுகொண்டே சொன்னாள்.

பிறகு நான். அவருடைய வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். "'கொல்றானே' ன்னு கத்துனீங்க. யார் கொல்றான்னு பேர் சொன்னீங்களா?" இல்லை. "அன்னைக்குப் படத்துலயும் அதே வசனம் உண்டா?" உண்டு. "அப்ப நீங்க கத்துனது நெஜமா, வசனமா? நெஜம்னா பேரைச் சொல்லிக் கத்தியிருப்பீங்கள்ல?"

பொண்டாட்டி எவளாச்சும் பேரைச் சொல்லுவாளாய்யா? ஒம் பொண்டாட்டி சொல்லுவாளா? கேட்டிருக்கணும். கேக்கல. தொண்டை அடச்சுக்கிச்சு. எனக்கு! என் தொண்டை!

2-8-1961

விடுதலை. ஏணியிலிருந்து விழுந்ததாகவும் இருக்கலாமாம்.

30-8-1962

வடகவுஞ்சி. வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அந்த ஆள் இன்றைக்கு அப்பாவின் வாசலில் வந்து நின்றான். (இனிமேல் 'அவர்' கிடையாது.) கொட்டகையைத் திறந்துவிட்டானாம், புது ஆப்பரேட்டராம். மழை பிடித்தால் ஜனம் எழுந்து போகிறதாம். "அவ வந்து சொன்னாத்தான் நிக்கும். நடந்தத மறந்துட்டு அனுப்பி வைங்க மாமா." நடந்தத மறந்துட்டு!

அப்பா உள்ளே போய் அரிவாளோடு வந்தார். நான் குறுக்கே விழுந்து கையைப் பிடித்தேன். அரிவாள் என் உள்ளங்கையில் கோடு போட்டுவிட்டது. "நீ ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாருப்பா இருக்கா? நான் போறேன்" என்றேன். அப்பா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஐப்பசில வர்றேன்னு சொல்லுங்க" என்றேன்.

எதற்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. அந்தப் பெயரை அந்தக் கொட்டகையில், அதே ஜனங்கள் காதில், அதே மழையில் சொல்லியாக வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் பாக்கி.

4-9-1962

காட்டில் ஆளில்லாத நேரம் சொல்லிப் பார்த்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "சே" என்று மட்டும் வந்தது. அதுவே பாதி பொருத்தம்.

17-9-1962

முழுசாக வந்தது. மெதுவாக. உடம்பெல்லாம் வேர்த்து, வரப்பிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ஒரு பெயருக்கு இத்தனை பாடு. தாலி கட்டின அன்றைக்கு என் வாயில் பூட்டையும் சேர்த்துத்தான் மாட்டினார்கள் போல.

5-10-1962

எதிர்ச் சரிவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். மாடு மிரண்டது.

21-10-1962, ஞாயிறு

நேற்று நடந்தது.

ராஜா படம். அந்த ஆளே தேடிப் பிடித்து எடுத்து வந்தது, "ஒனக்குப் பழக்கமான கதைதானே" என்று. கொட்டகை நிறைய ஜனம். நான் மைக்கைக் கையில் எடுத்ததும் பழையபடி கை தட்டினார்கள். அதைக் கேட்டதும் என் மனசில் கொஞ்சநஞ்சம் இருந்த தயக்கமும் போயிற்று.

மழை அடித்துப் பிடித்தது. ராஜா சொல்றான், ராணி சொல்றா என்று சொல்லிக்கொண்டு வந்தேன். படைத்தலைவன் கத்தியோடு வந்தான். எவனோ ஒருவன் வழக்கம்போல, "அக்கா, முழுங்காமச் சொல்லு!" என்றான்.

சொன்னேன். "சேனாதிபதி வர்றான்."

ஒரு சிரிப்பு ஆரம்பித்தது, பாதியில் நின்றது. பெண்கள் பக்கம் அத்தனையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. இவள் சொல்ல மாட்டாள் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். திரையை யாரும் பார்க்கவில்லை.

"சேனாதிபதி ஏணில ஏறுறான். சேனாதிபதி கையில ரீல் சுத்துற இரும்புக் கைப்பிடி. சேனாதிபதி கையத் தூக்குறான். அடிக்கிறான். பழனிமுத்து விழுறான். சேனாதிபதி மறுபடியும் அடிக்கிறான். பழனிமுத்து ஒண்ணும் சொல்லல. அவனால ஒண்ணும் சொல்ல முடியல. சண்முகசுந்தரி சொல்றா, கொல்றானே, ஓடியாங்கன்னு. நீங்க எல்லாரும் கை தட்டுறீங்க."

மழைச் சத்தம் மட்டும்தான். அந்த ஆள் டிக்கெட் அறையிலிருந்து ஓடி வந்தான், மைக் வயரைப் பிடித்துப் பிடுங்கினான். எனக்கு எதற்கு மைக்? எழுந்து நின்று, வெறும் தொண்டையால், முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். "சேனாதிபதி ஏணில ஏறுறான்!" அவன் பெல்ட்டை உருவினான்.

முதலில் வந்தது கருப்பம்மாள். பெண்கள் பக்கத்துத் தடுப்புப் பலகையைப் பெயர்த்து இரண்டு கையாலும் தூக்கி அவன் தோளில் இறக்கினாள். அப்புறம் யார் என்று எழுத முடியாது, எல்லாரும்தான். பெஞ்சு பறந்தது. திரை கிழிந்தது. பூண்டு லாரிக்காரர்கள் அவனைக் காலைப் பிடித்து அந்த ஏணி வரைக்கும் இழுத்துப் போனார்கள். "விழுந்தான்னு சொன்னியேடா, இப்ப நீ விழுடா" என்று ஏற்றி ஏற்றித் தள்ளினார்கள். முழங்கால் முறிந்தது. மோவாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. சுவர்த் தகரங்களை மிதித்துச் சரித்தார்கள், கூரையைக் கடப்பாறையால் நெம்பினார்கள், மழை எல்லார் தலையிலும் நேராக விழுந்தது.

பார்த்துக்கொண்டு நின்றேன். போதும் என்று என் ஒரு குரல் போதும். உடனே சொல்லவில்லை. நன்றாகப் பார்த்த பிறகுதான் சொன்னேன். "விடுங்க. செத்துப் போயிட்டான்னா ஒரு நாள்ல முடிஞ்சிரும். இவன் இருக்கணும். இவன் பேரை நாலு பேரு சொல்றத இவன் கேக்கணும்." விட்டுவிட்டார்கள்.

இன்று காலையில் போலீஸ் வந்து ஊரையே கேட்டது. கூரை சரிந்து மேலே விழுந்ததாக எல்லாரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள்.

9-11-1966

மழை. கொட்டகை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் என் டீக்கடை. கூரை அதே தகரம்தான், சரிந்து கிடந்ததில் நல்ல தகடாகப் பார்த்து அப்பா போட்டுக் கொடுத்தது. மீதி இந்த ரோட்டில் பாதி மாட்டுக் கொட்டகைகளுக்கு மேலே இருக்கிறது. அந்த ஆள் பழனியில் பஸ் ஸ்டாண்டில் கோல் ஊன்றி நிற்கிறானாம். பேசினால் யாருக்கும் புரிவதில்லையாம்.

இன்றைக்கு ஓட்டர் லிஸ்ட் எழுத ஒரு வாத்தியார் வந்தார். மழைக்கு ஒதுங்கி என் கடையிலேயே பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெண்கள் வரிசை. புருஷன் பெயர் கேட்டால் ஒவ்வொருத்தியும் பக்கத்தில் நிற்கிறவளை இடிக்கிறாள், பக்கத்தில் நிற்கிறவள் சொல்கிறாள், இப்படியே போகிறது. என் முறை வந்தது. "சேனாதிபதி" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்து கருப்பம்மாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் கையை இடித்தாள். "நீ சொல்லுத்தா, ஒனக்குத்தான் தெரியும்ல."

"எனக்குத் தெரியாது. நீயே சொல்லு."

என்னைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். என்னமோ முனகினாள். வாத்தியார் காதைக் குடைந்துகொண்டு, "என்னம்மா? இந்த மழையில ஒண்ணும் கேக்கலியே" என்றார்.

"கத்திச் சொல்லு" என்றேன்.

"தண்டாயுதபாணி!" என்று கத்தினாள். கத்திவிட்டு அவளே பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஒரே சிரிப்பு. வரிசையில் பின்னால் நின்றவள் யாரும் சொல்லாமலே தொண்டையைச் செருமிக்கொண்டாள். நான் வாத்தியாருக்கு டீ ஆற்றப் போனேன்.